கற்காலத்தில் ஒரு வட்டத் தொப்பி

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

நகைச்சுவைப் படம் ஒன்றைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், “வரலாறு படிக்கிற உனக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?” என்று தோழியர் கேட்டனர். கிடைத்திருக்கும்தான். ஆனால் ஒரே படத்தை மூன்று முறை பார்த்து, முதல் முறை சிரித்தும், இரண்டாம் முறை சிரிக்காமலும், மூன்றாம் முறை மீண்டும் சிரித்தும் இருக்கிறேன். அதே இருபது நிமிடப் படம் எப்படி இவ்வாறு மூன்று விதமாயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். வரலாறும் இதில் வரத்தான் செய்கிறது.

படம் சார்லி சாப்ளினுடையது. பெயர் ‘ஹிஸ் பிரிஹிஸ்டாரிக் பாஸ்ட்’. 1914 டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ரீல் ஊமைப்படம். ஆங்கிலத்தில் ஒருவனுடைய ‘கடந்த காலம்’ என்றால் அவன் வெளியே சொல்ல விரும்பாத பழைய கதை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆகவே, வரலாற்றுக்கு முற்பட்ட கடந்த காலம் என்ற தலைப்பிலேயே ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. அப்போது சாப்ளினுக்கு வயது 25. அந்த ஓராண்டில் மட்டும் மாக் சென்னட்டின் கீஸ்டோன் நிறுவனத்துக்காக முப்பத்தைந்து படங்களுக்குக் குறையாமல் நடித்துத் தள்ளியிருந்தார். அங்கு அவர் எடுத்த கடைசிப் படம் இதுதான். கதையும் இயக்கமும் அவரே. வாரம் 150 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், இதை முடித்த கையோடு எஸ்ஸனே நிறுவனத்தில் வாரம் 1,250 டாலருக்குச் சேர்ந்துவிட்டார்.

கதை மிகச் சிறிது. வீடற்ற நாடோடியான சார்லி பூங்காப் பெஞ்சு ஒன்றில் படுத்து உறங்கிவிடுகிறான். கனவில் கற்காலம் வருகிறது. அங்கே ஓர் அரசன். பெயர் லோப்ரோ, அதாவது தாழ்ந்த நெற்றிக்காரன், நம் வழக்கில் மடையன். மாக் ஸ்வெய்ன் என்ற பருத்த நடிகர் அந்த வேடத்தில் வருகிறார். அவனைச் சுற்றிலும் பெண்கள். இந்தக் கூட்டத்துக்குள் விலங்குத் தோலை உடுத்துக்கொண்டு சார்லி வந்து சேர்கிறான். அரசனுக்கு மிகவும் பிடித்த பெண்ணின் மீதே கண் வைக்கிறான். பாறை உச்சியிலிருந்து அரசன் விழுந்ததும், அவன் தொலைந்தான் என்று எண்ணித் தானே அரசன் என்று அறிவித்துக்கொள்கிறான். ஆனால் அரசன் சாகவில்லை. திரும்பி வந்து சார்லியின் தலையில் பாறையால் ஒரு போடு போடுகிறான். கண் விழித்துப் பார்த்தால் பூங்காப் பெஞ்சு. எதிரே போலீஸ்காரர், கையில் தடி. தலையில் விழுந்தது அந்தத் தடிதான்.

இதை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். நெய்வேலியில் ஜூலை மாதம் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் அப்பா வாங்கி வந்த குறுந்தகடு ஒன்றில் இருந்தது. விழுந்தால் சிரித்தேன், அடித்தால் சிரித்தேன். அவ்வளவுதான்.

இரண்டாம் முறை பார்த்தது கல்லூரியில் சேர்ந்த பிறகு. இந்தியத் தொல்பழங்காலம் பாடமாக இருந்த பருவம் அது. பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியைப் பற்றிப் படித்துவிட்டு, அந்தச் சூட்டோடு படத்தைப் போட்டுக்கொண்டு குறிப்பேட்டுடன் உட்கார்ந்தேன். குற்றங்கள் ஒன்றா இரண்டா! கற்காலத்தில் அரசன் ஏது? அந்தப்புரம் ஏது? சார்லி தன் உடுப்பிலிருந்தே மயிரைப் பிடுங்கிப் புகைக்குழாயில் அடைத்துக் கல்லை உரசிப் பற்ற வைக்கிறான். புகைபிடிக்கும் குழாய் அங்கே எப்படி வந்தது? எல்லாவற்றுக்கும் மேலாக, தோலாடைக்கு மேலே அவனுடைய அதே கறுப்பு வட்டத் தொப்பி! ஒன்பது குற்றங்களை வரிசையாக எழுதினேன். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டு, ‘வரலாற்றறிவு இல்லாத படம்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் முறை பார்த்ததற்குக் காரணம் என் தாத்தா.

அவர் பண்ருட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இளவயதில் நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர். இங்கே 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிச்சத்தைக் கண்ட சில ஆண்டுகளுக்குப் பின் வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது எங்களோடு இருக்கிறார். எண்பதை எட்டிவிட்டார். வயதினால் செவி மந்தமாகி, இரண்டு ஆண்டுகளாக அநேகமாக ஒன்றும் கேட்பதில்லை. கருவி வாங்கிக் கொடுத்தோம். ‘ஒரே இரைச்சல்’ என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மாலையில் நாங்கள் தொலைக்காட்சியின் முன்னே உட்கார்ந்து சிரிக்கும்போது, அவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் அவரும் மெல்லச் சிரிப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினார். அம்மா ஒருநாள், “மாமா நம்மளோட உக்காந்து எத்தனை நாளாச்சு, பாத்தியா?” என்று என்னிடம் கேட்டார். நான் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் பார்த்தேன்.

பேச்சே இல்லாத படம் வீட்டில் ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. தாத்தாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன். இடையிடையே வரும் ஆங்கில எழுத்து அட்டைகளை அவரால் படிக்க முடியாது. விளக்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குத் தேவையே ஏற்படவில்லை. தோலுடுப்போடு சார்லி திரையில் தோன்றிய கணத்தில், இன்னும் ஒரு சேட்டையும் செய்வதற்கு முன்பே, தாத்தா உரக்கச் சிரித்தார். வெகுநாளுக்குப் பிறகு அவர் முதலிலும் நாங்கள் பின்னாலுமாகச் சிரித்தோம்.

“தொப்பிய கழட்டல பாரு கண்ணு!” என்றார். “அத கழட்டினா அவனும் அந்தக் கும்பல்ல ஒருத்தன். கட்டியங்காரன் குல்லாய கழட்டலாமா?”

தாத்தா ஊரில் இருந்த காலத்தில் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரவு முழுவதும் நடக்கும் கூத்தும் சுரங்கத்தின் இரவு ஷிப்டும் ஒத்துவராமல், வேலைக்கு வந்த சில ஆண்டுகளில் விட்டுவிட்டாராம். அப்பாவுக்கே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

நம் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். பார்க்காத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பாரதக் கதை நடக்கிறது. துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வருகிறான். அவனுக்குக் கட்டியம் கூற வேண்டியவன் ஒருவன் முன்னால் நிற்கிறான். அவனுக்குக் கிரீடமில்லை, கோமாளிக் குல்லாயும் ஏதோ ஒரு சட்டையும்தான். “நீ யாரய்யா, எந்த ஊர், இங்கே எதுக்கு வந்தே?” என்று மன்னனையே கேட்பான். அத்தினாபுரத்து அரசவையில் நின்றுகொண்டே ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் பேசுவான், பேருந்து வராததைப் பற்றிப் பேசுவான், திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் ஊர்ப் பெரியவரையும் ஒரு கிள்ளுக் கிள்ளுவான். யாரும் ‘துரியோதனன் காலத்தில் ரேஷன் ஏது?’ என்று குறிப்பேட்டில் எழுதுவதில்லை. கதை பழையது; கட்டியங்காரன் இன்றையவன். அவன் அந்தக் காலத்துக்குள் நுழைந்தும் அதைச் சேராமல் நிற்பதனாலேயே அரசனின் பெருமிதம் நமக்கு வேடிக்கையாகிறது.

சார்லியின் தொப்பியும் இதுவேதான் என்பது எனக்கு அப்போது புரிந்தது. சாப்ளினுக்கு அது தவறென்று தெரியாமலா இருந்திருக்கும்? 1912-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் என்ற புகழ்பெற்ற இயக்குநர் ‘மேன்ஸ் ஜெனிசிஸ்’ என்றொரு கற்காலப் படம் எடுத்திருந்தார். மிகவும் பொறுப்பான படம். வலுவற்ற ஒருவன் கழியில் கல்லைப் பொருத்தி ஆயுதம் செய்து முரடனை வெல்லும் கதை. அந்த நாயகனின் பெயர் வீக்ஹாண்ட்ஸ், அதாவது மெலிந்த கையன். சாப்ளின் தன் பாத்திரத்துக்கு வைத்த பெயர் வீக்சின், மெலிந்த தாடையன்! கிரிஃபித் தலைநிமிர்ந்து சொன்ன மனிதகுல முன்னேற்றக் கதையைச் சாப்ளின் காலை வாரிவிடுகிறார். அவருடைய கற்காலத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. பெரியவன் பெண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், சின்னவன் குறுக்கு வழியில் மேலே வரப் பார்க்கிறான், தடி வைத்திருப்பவன் கடைசியில் அடிக்கிறான். நான் எழுதிய ஒன்பது குற்றங்களில் எட்டு, வேண்டுமென்றே செய்யப்பட்டவை. (ஒன்பதாவது, பின்னணியில் தெரிந்த செடிகளைப் பற்றியது. அதைப் பற்றி இன்னமும் எனக்கு ஐயம் உண்டு.)

அடியைப் பற்றியும் தாத்தா சொன்னார். படத்தில் விழும் ஒவ்வொரு அடிக்கும் அவர் கை தன்னையறியாமல் தட்டியது. “கூத்துல அறைஞ்சா சத்தம் கேக்கணும், வலிக்கக்கூடாது. அறையறவன் கை படாது. வாங்கறவன்தான் தன் கையத் தட்டிக்கணும். அவன் துள்ளற துள்ளல்லதான் அடி இருக்குது,” என்றார். ஆங்கிலத்தில் இவ்வகை நகைச்சுவைக்கு ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர் வந்த கதையும் ஏறக்குறைய இதுவே. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் ஊர் ஊராகச் சென்று நாடகமாடிய ‘கொமேடியா டெல் ஆர்ட்டே’ குழுவினர், இரண்டு தட்டையான மரப்பட்டைகளை ஒரு பிடியில் பொருத்திய கோல் ஒன்றை வைத்திருந்தனர். அடித்தால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் ‘படார்’ என்று ஒலிக்கும், வாங்குபவனுக்கு நோகாது. அந்தக் கோலின் பெயரே இந்த வகைக்கு ஆகிவிட்டது. ஊமைப்படத்தில் அந்த ஓசையும் இல்லை. ஆகவே முழுச் சுமையும் அடி வாங்குபவனின் உடம்பின் மீது விழுகிறது. பழைய படங்களில் மனிதர்கள் விறுவிறுவென்று ஓடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அக்காலத்தில் கையால் சுழற்றிய ஒளிப்படக் கருவியில் நொடிக்குப் பதினாறு அளவிலான படங்களே பதிவாயின. அதைப் பேசும் படத்தின் வேகமான இருபத்துநான்கில் ஓட்டினால் எல்லோரும் பறப்பார்கள். சரியான வேகத்தில் பார்த்தால்தான் சாப்ளினின் நடையில் உள்ள அளவும் நிதானமும் தெரிகின்றன. செவியைக் கொண்டு பார்க்கப் பழகிய நாங்கள் இவற்றையெல்லாம் தவறவிட்டோம். தாத்தா ஒன்றையும் விடவில்லை.

இனி அந்தக் கடைசி அடிக்கு வருகிறேன். கற்கால அரசனின் பாறை, பூங்காப் போலீஸ்காரரின் தடியாக மாறும் இடம். நான் சிறுமியாக இருந்தபோது அதை வெறும் ‘எல்லாம் கனவு’ என்று எடுத்துக்கொண்டேன். தாத்தா அங்கேதான் சிரிப்பை நிறுத்தினார். “படுக்க எடமில்லாதவன் பெஞ்சுல படுத்தான். அதுக்கா அடிக்கிறாங்க?” என்றார். அரசனும் அந்தப்புரமும் பொய். தலையில் விழுந்த அடி மட்டும் மெய். அதை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டுதான் கனவே கற்காலத்தைப் படைத்திருக்கிறது. இந்தக் கனவு உத்தி சாப்ளினுக்குப் பிடித்துப் போயிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே ‘தி பேங்க்’ படத்திலும், 1918-இல் முதல் உலகப் போரைப் பற்றிய ‘ஷோல்டர் ஆர்ம்ஸ்’ படத்திலும் நாயகன் வீரச் செயல்கள் புரிந்துவிட்டுக் கடைசியில் கண் விழித்துக்கொள்கிறான்.

எளியவனும் காவலனும் சந்திப்பதைப் பழங்கதைக்குள் வைத்துச் சிரிக்க வைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. காளிதாசனின் சாகுந்தலத்தை மறைமலையடிகளின் தமிழாக்கத்தில் (1907) படித்தவர்கள் ஆறாம் அங்கத்தின் தொடக்கத்தை நினைவு கூரலாம். துர்வாசரின் சாபமும் சகுந்தலையின் துயரமும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் வேளையில், கைகள் கட்டப்பட்ட ஒரு செம்படவனை இரண்டு காவலர்கள் அடித்து இழுத்து வருகிறார்கள். மீன் வயிற்றில் கிடைத்த அரசனின் மோதிரத்தை விற்கப் போனதுதான் அவன் செய்த குற்றம். கொல்லப்படப் போகிறவனுக்கு மாலை சூட்டும் வழக்கப்படி, மாலை கட்டக் கை துறுதுறுக்கிறது என்கிறான் ஒரு காவலன். அதற்குள் அரசன் மோதிரத்துக்கு ஈடான பொருளைப் பரிசாக அனுப்பிவிடுகிறான். உடனே காவலர்களின் முகம் மாறுகிறது. செம்படவன் பரிசில் பாதியை, ‘உங்கள் பூவுக்கு விலை’ என்று சொல்லிக் கொடுக்கிறான்! பிறகு எல்லோரும் நண்பர்களாகிக் கள்ளுக்கடைக்குப் போகிறார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் இந்தக் காட்சியை வகுப்பில் வாய்விட்டுப் படித்தபோது, பின் வரிசையும் சிரித்தது.

இதே கதை 1940-இல் ‘சகுந்தலை’ என்று தமிழில் படமாயிற்று. எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழறியாத அமெரிக்கர். அதில் செம்படவர்களாக வந்தவர்கள் என். எஸ். கிருஷ்ணனும் டி. எஸ். துரைராஜும். இசைக்காகவே பெயர் பெற்ற படத்தில், அந்த இருவரும் காளிதாசனின் செம்படவனை நம் ஊர்க் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அண்மைக் காலத்துக்கு வந்தால் 2006-இல் வெளியான ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ நாமெல்லோரும் அறிந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டு அரசவையில் குளிர்பானத்துக்கு விளம்பரம் வருகிறது. வடிவேலுவின் மீசையைப் பார்த்துச் சிரிக்கும்போதே, எந்தக் காலத்து வணிகத்தைச் சொல்கிறார்கள் என்பது எவருக்கும் விளங்கும்.

நெய்வேலியில் வளர்ந்தவளுக்கு இதில் தனியான ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் நகரியத்துக்கு வயது எழுபதைத் தொடவில்லை. இடிந்த கோட்டை இல்லை, பாட்டன் கட்டிய வீடு இல்லை. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆனால் காலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கிறது. வெட்டி எடுத்த கட்டிகளில் சிலவற்றில் மரத்தின் நார் இன்னும் தெரியும். அந்தக் காடு நின்ற நாளில் மனிதன் இல்லவே இல்லை. கற்காலமெல்லாம் அதற்கு நேற்று நடந்ததைப் போல. தாத்தா அந்தப் பழமையோடு எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து, கட்டியங்காரனாக இருந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறார். நானும் பல்லாவரத்துக் கல்லைப் பற்றிக் கேட்ட அளவுக்குக்கூட அவரிடம் எதையும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். அவருக்குக் கேட்காது என்பதால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். குல்லாய் எதனால் செய்தது, அரசன் வேடக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா, அடி தவறிப் பட்டதுண்டா? முதல் இரண்டுக்கும் வாயால் பதில் சொன்னார். மூன்றாவதற்கு எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, என்னை அறையச் சொன்னார். கை ஓங்கினேன், படவில்லை. ஆனால் ‘படார்’ என்று சத்தம் கேட்டது. தாத்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தார். சமையலறையிலிருந்து அம்மா பதறி ஓடி வந்துவிட்டார்.

சென்ற வாரம் சாப்ளினின் வேறு படம் ஒன்றைப் போட்டேன். ஐந்து நிமிடம் பார்த்தார். “இது நல்லாதான் இருக்குது. அந்தத் தோல் கட்டினவன போடு,” என்றார்.